ஒரே வரிசையா, செயலிக்கு ஒரு வரிசையா? பல செயலிகளிடையே வேலைப் பங்கீடு குறித்த அறுபதாண்டு விவாதம்

கணினியில் ஒரே ஒரு செயலி இருக்கும்வரை இயங்குதளம் தீர்க்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அடுத்து எந்தப் பணி ஓடவேண்டும்? செயலிகள் இரண்டானதும் இன்னொரு கேள்வி சேர்ந்துகொள்கிறது: அந்தப் பணி எங்கே ஓடவேண்டும்? பார்வைக்குச் சிறியதாகத் தெரியும் இந்த 'எங்கே'க்கு 1960களிலிருந்து விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்று சாதாரணக் கைப்பேசியிலேயே எட்டு கோர்கள் இருக்கின்றன; சர்வர்களில் நூற்றைத் தாண்டுகின்றன. ஆனாலும் எல்லோரும் ஏற்கும் விடை உருவாகவில்லை.

விடைகள் பலவானாலும் அவற்றை இரண்டு முனைகளுக்கு நடுவே வைத்துப் பார்க்கலாம். காத்திருக்கும் பணிகளையெல்லாம் ஒரே பொது வரிசையில் நிறுத்தி, ஓய்ந்த செயலி அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒரு முனை. ஒவ்வொரு செயலிக்கும் தனி வரிசை கொடுத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் பணிகளை இடம் மாற்றுவது மறுமுனை. இரண்டுக்கும் நடுவே விவாதம் திரும்பத் திரும்ப ஊசலாடியதற்குக் கோட்பாட்டின் வளர்ச்சி ஒரு காரணம். எந்தச் செயலுக்கு எவ்வளவு நேரம் செலவாகும் என்ற கணக்கை வன்பொருள் மாற்றிக்கொண்டே வந்தது அதைவிடப் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. (இக்கட்டுரையில் செயலி, கோர் என்ற சொற்கள் பெரும்பாலும் ஒரே பொருளில் வருகின்றன.)

பொது வரிசையின் வலிமை

1962இல் வந்த பர்ரோஸ் டி825 பல செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்ட தொடக்ககால இயந்திரங்களில் ஒன்று. அத்தகைய இயந்திரத்துக்குப் பொது வரிசை இயல்பான தேர்வாக இருந்தது. ரயில் முன்பதிவு நிலையத்தில் கவுண்டருக்கு ஒரு வரிசை இருந்தால், முன்னால் நிற்பவர் தாமதிக்கும்போது பின்னால் உள்ளவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்; எல்லாக் கவுண்டர்களுக்கும் சேர்த்து ஒரே வரிசை இருந்தால் அந்தத் தாமதம் ஒருவர் தலையில் மட்டும் விழுவதில்லை. வரிசைக் கோட்பாடு இதைக் கணிதமாகவே காட்டுகிறது. ஒரு செயலி சும்மா இருக்க, இன்னொன்றின் முன்னால் பணிகள் காத்திருக்கும் நிலை பொது வரிசையில் ஏற்படாது. இப்பண்புக்கு 'வேலை காக்கும்' தன்மை என்று பெயரிடலாம். பிற்கால விவாதங்கள் பலவும் இதைச் சுற்றியே நடந்தன.

இந்த முனைக்கு உறுதியான கணித அடித்தளம் தந்தவர் பெல் ஆய்வகத்தின் ரொனால்ட் கிரஹாம். 1966இல் அவர் நிறுவியது இது: தயாராக உள்ள பணி எதையும் காக்கவைத்துச் செயலியைச் சும்மா விடாத எந்த முறையும், அது எவ்வளவு எளிமையானதாக இருந்தாலும், மிகச் சிறந்த பங்கீட்டைப்போல் இரு மடங்கு நேரத்தை எட்டுவதில்லை. துல்லியமாகச் சொன்னால், செயலிகளின் எண்ணிக்கை m எனில் எல்லை 2 − 1/m மடங்கு. நான்கு செயலிகளுக்கு 1.75. மிகச் சிறந்த பங்கீட்டைக் கண்டுபிடிப்பது கணக்கீட்டளவில் மிகக் கடினமான சிக்கல் என்பதால், எளிய முறைக்கே இப்படியொரு உத்தரவாதம் கிடைத்தது பெரும் ஆறுதலாக இருந்தது.

அதே ஆய்வில் இருந்த இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒன்பது பணிகள் கொண்ட ஒரு சிறு எடுத்துக்காட்டு மூன்று செயலிகளில் 12 அலகு நேரத்தில் முடிகிறது. நான்காவது செயலி ஒன்றைச் சேர்த்தால் 15 அலகு ஆகிறது. ஒவ்வொரு பணியின் நீளத்தையும் ஓர் அலகு குறைத்தாலும் 12 ஆக இருந்தது 13 ஆகிறது. காரணம் எளிது. கூடுதல் செயலி சிறு பணிகளை முன்னதாகத் தொடங்கவைக்கிறது. அதனால் மிக நீண்ட பணி தயாராகும் வேளையில் எல்லா இடமும் நிரம்பியிருக்கிறது, அது கடைசியில் தனியாகத் தொடங்கவேண்டியதாகிறது. வளத்தைக் கூட்டினால் வேகமும் கூடும் என்ற பொதுப்புத்தி பல செயலி உலகில் செல்லாது என்பதை இத்துறை தன் தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. அந்த அறிவு நடைமுறைக்குப் போதிய அளவு வந்து சேர்ந்ததா என்பது ஐயமே.

பூட்டும் கேஷும்

கிரஹாமின் கணக்கில் இரண்டு செலவுகள் இல்லை. முதலாவது, வரிசையைத் தொடுவதற்கான செலவு. பல செயலிகள் ஒரே வரிசையிலிருந்து எடுக்கும்போது ஒரு நேரத்தில் ஒன்றுதான் எடுக்கலாம்; மற்றவை பூட்டுக்காகக் காத்திருக்கவேண்டும். இரண்டாவது, இடம் மாறுவதற்கான செலவு. ஒரு பணி ஓடிய கோரின் கேஷில், அதாவது கோரை ஒட்டிய சிறு வேக நினைவகத்தில், அதன் தரவுகள் தங்கியிருக்கும். மிக அருகிலுள்ள கேஷிலிருந்து படிக்க ஏறத்தாழ ஒரு நானோநொடி போதும். முதன்மை நினைவகம்வரை போனால் ஏறத்தாழ நூறு ஆகும். பணியை வேறு கோருக்கு மாற்றினால் அந்தத் தரவுகளையெல்லாம் புதிதாகச் சேர்க்கவேண்டும். நினைவகமே துண்டுகளாகச் செயலிகளோடு ஒட்டியிருக்கும் நூமா இயந்திரங்களில் இந்தச் செலவு மேலும் கூடுகிறது.

கேஷ் ஒட்டுதலைக் கணக்கில் எடுப்பது எப்போது பலன்தரும் என்பதை மார்க் ஸ்குவிலான்டியும் எட்வர்ட் லசோவ்ஸ்காவும் 1993இல் வெளியான ஆய்வில் வரிசைக் கோட்பாட்டின் துணையுடன் ஆராய்ந்தார்கள். அதற்குச் சற்று முன் ராஜ் வாஸ்வானியும் ஜான் ஸகோர்ஜானும் செய்த அளவீடுகள், அன்றைய இயந்திரங்களில் அந்த விளைவு அஞ்சும் அளவுக்குப் பெரிதல்ல என்று காட்டியிருந்தன. இந்த முடிவுகளை முரண்பாடாகக் கொள்ளவேண்டியதில்லை. செயலியின் வேகத்துக்கும் நினைவகத்தின் வேகத்துக்கும் உள்ள இடைவெளி அப்போது விரிந்துகொண்டிருந்தது. ஓர் ஆண்டுக்குப் பொருந்திய அளவீடு சில ஆண்டுகளில் பழையதானது.

நடைமுறை இயங்குதளங்கள் இதை மெதுவாகவே ஏற்றன. லினக்ஸ் 2.4 வரை ஒரே பொது வரிசைதான்; ஒவ்வொரு முறையும் அந்த வரிசை முழுவதையும் மதிப்பிட்டுத்தான் அடுத்த பணி தேர்வானது. பணிகள் கூடக் கூடத் தேர்வுக்கான நேரமும் கூடியது. விண்டோஸில் ஷெட்யூலிங் (பணிகளைத் தேர்ந்து ஓட்டுதல்) முழுவதையும் காத்த ஒற்றைப் பூட்டு 2009இல் விண்டோஸ் 7, சர்வர் 2008 ஆர்2 வெளியீடுகளில்தான் நீக்கப்பட்டது. 256 தருக்கச் செயலிகள்வரை விரியவேண்டிய தேவை அதற்கு ஒரு முதன்மைக் காரணம்.

தனி வரிசைகளும் அவற்றைச் சமன்செய்யும் சிக்கலும்

இங்கோ மோல்னார் 2002இல் முன்வைத்து, 2003 டிசம்பரில் லினக்ஸ் 2.6 உடன் பரவலான ஷெட்யூலர், ஒவ்வொரு செயலிக்கும் தனி வரிசை கொடுத்தது. 2007இல் வந்த சிஎஃப்எஸ், ஒவ்வொரு வரிசைக்குள்ளும் நேரத்தை நியாயமாகப் பிரிக்கும் முறையை மாற்றியது. தனி வரிசை என்ற அடிப்படையைத் தொடவில்லை. 2023இல் லினக்ஸ் 6.6 உடன் பீட்டர் ஜில்ஸ்ட்ரா கொண்டுவந்த ஈஈவிடிஎஃப் முறையும் அப்படித்தான்.

பூட்டுச் சிக்கல் தீர்ந்தது. கேஷ் ஒட்டுதல் தானாகவே கிடைத்தது. ஆனால் வேலை காக்கும் தன்மை போய்விட்டது. ஒரு வரிசை நீண்டும் இன்னொன்று காலியாகவும் இருக்கலாம் என்றானதும், அதைச் சரிசெய்யச் சுமை சமன்செய்யும் தனிப்பகுதி தேவைப்பட்டது. லினக்ஸில் அது படிநிலையாக இயங்குகிறது: முதலில் ஒரே கோருக்குள் இருக்கும் இரட்டை வன்பொருள் திரெட்கள், பிறகு கேஷைப் பகிரும் கோர்கள், பிறகு நூமா முனைகள். மேலே போகப் போகச் சமன்செய்யும் முயற்சியும் அரிதாகிறது. சிக்கல்களின் பெரும்பகுதி இந்தத் தையலில்தான் இருக்கிறது.

அதை வெளிச்சமிட்டது 2016 யூரோசிஸ் மாநாட்டில் ஜான்-பியேர் லோஸி, பாப்டிஸ்ட் லெப்பர்ஸ், அலெக்ஸாண்ட்ரா ஃபெடரோவா முதலியோர் வழங்கிய ஆய்வு. வீணாய்ப்போன கோர்களின் பத்தாண்டு என்பது அதன் தலைப்பின் சாரம். ஷெட்யூலிங் எளிய சிக்கல்தான் என்ற பொருளில் லினஸ் டோர்வால்ட்ஸ் 2001இல் சொல்லியிருந்ததை முகப்பில் வைத்துக்கொண்டு, 64 கோர் கொண்ட எட்டு நூமா முனை இயந்திரத்தில், பணிகள் காத்திருக்கும்போதே கோர்கள் நீண்டநேரம் சும்மா இருப்பதை அவர்கள் அளந்து காட்டினார்கள். நான்கு பிழைகள் அகப்பட்டன. ஒன்றைமட்டும் விரிவாகப் பார்ப்பது பயன்தரும்.

பயனர்களிடையே நியாயம் காக்க, லினக்ஸ் பணிகளைக் குழுக்களாகப் பிரித்துக் குழுவுக்கு ஒரு பங்கு கொடுக்கிறது. ஒரே ஒரு திரெட் (நிரலின் ஓர் ஓட்ட இழை) உள்ள குழுவில் முழுப் பங்கும் அந்த ஒரு திரெட்டுக்குச் சேரும்; 64 திரெட் உள்ள குழுவில் ஒவ்வொன்றுக்கும் மிகச் சிறு பகுதிதான். முதல் வகைத் திரெட் ஒரு முனையில் ஓடும்போது அம்முனையின் சராசரிச் சுமை மிக அதிகமாகத் தெரிகிறது. அங்கே மற்ற கோர்கள் காலியாக இருந்தாலும், சராசரியை மட்டும் பார்க்கும் சமன்செய்பவர் உதவி தேவையில்லை என்று திரும்பிவிடுகிறார். ஒரு கோரின் அதிகச் சுமை, பக்கத்துக் கோர்களின் வெறுமையை மறைத்துவிடுகிறது. சராசரிக்குப் பதில் குறைந்தபட்சச் சுமையை ஒப்பிடுவதே அவர்கள் முன்வைத்த தீர்வு. நியாயத்துக்கான விதியும் சமன்செய்யும் விதியும் தனித்தனியே சரியானவை. சேர்ந்தபோது தவறின என்பதே இதில் கவனிக்கவேண்டியது. மற்றொரு பிழையில், கோரை ஒருமுறை அணைத்துத் திரும்ப இயக்கினால் முனைகளுக்கிடையே சமன்செய்தலே நின்றுபோனது. பரவலாகப் பயன்படும் ஒரு வணிகத் தரவுத்தளத்தின் வேகம் இப்பிழைகளால் 14 முதல் 23 சதவீதம்வரை குறைந்ததாக அவ்வாய்வு சொல்கிறது.

இந்த ஆய்வைப் பொது வரிசைக்கான வாதமாகச் சிலர் படித்தார்கள். அந்த அளவுக்கு அதை இழுக்கமுடியும் என்று தோன்றவில்லை. கான் கோலிவாஸ் 2009இல் வெளியிட்ட பிஎஃப்எஸ், மேசைக் கணினிகளுக்காகப் பொது வரிசைக்கே திரும்பிய துணிவான முயற்சி; சில கோர்கள் உள்ள இயந்திரங்களில் அதன் துடிப்பைப் பலர் விரும்பினார்கள். 2016இல் அவரே அதன் இடத்தில் பல வரிசை கொண்ட மக்எஸ்எஸ்-ஐக் கொண்டுவந்தார். கோர்கள் பெருகியபோது பூட்டின் சுமையை அவராலும் தவிர்க்க முடியவில்லை.

ஒப்பீட்டுக்கு இன்னொரு சான்றும் உண்டு. ஃபிரீபிஎஸ்டியின் யூஎல்ஈ ஷெட்யூலரை லினக்ஸுக்குள்ளேயே பொருத்தி, மற்ற எல்லாவற்றையும் மாற்றாமல் வைத்து, 2018இல் ஒரு குழு அதைச் சிஎஃப்எஸ் உடன் ஒப்பிட்டது. சிஎஃப்எஸ் விரைவாக ஓரளவு சமனை எட்டியது. யூஎல்ஈ மிக மெதுவாக முழுச் சமனை எட்டியது. வெற்றியாளர் நிரலுக்கு நிரல் மாறினார்.

திருடும் செயலிகள்

இரண்டு முனைகளையும் இணைக்க இன்னொரு வழி, காலியான செயலியே போய்ப் பிறர் வரிசையிலிருந்து எடுத்துக்கொள்வது. எம்ஐடியின் சில்க் திட்டத்தில் ராபர்ட் புளூமோஃபும் சார்லஸ் லைசர்சனும் 1994இல் இதற்குத் தந்த கணிதம் அழகானது: எந்தச் செயலியிடம் எடுப்பது என்பதைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தாலே, எதிர்பார்க்கும் மொத்த நேரம் ஏறத்தாழச் சிறந்த அளவை ஒட்டியே இருக்கும். வேலை மிகுந்த செயலிக்குக் கூடுதல் சுமை இல்லை. தேடும் செலவு சும்மா இருப்பவருக்கே. ஜாவாவின் ஃபோர்க்-ஜாயின் நூலகமும் கோ மொழியின் ஷெட்யூலரும் இவ்வழி வந்தவை.

இதன் வரம்பும் தெளிவு. அந்த நிரூபணம் ஒரே நிரல் தன் துண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்ளும் சூழலுக்கானது. ஒருவரையொருவர் அறியாத பல நிரல்கள், முன்னுரிமைகள், நியாயப் பங்குகள் உள்ள இயங்குதளத்துக்கு அதை அப்படியே மாற்றமுடியாது. நிரலுக்குள் அது நிலைபெற்றுவிட்டது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் துணைக்கருவியாகவே இருக்கிறது.

கெடு தவறக்கூடாத பணிகள்

பிரேக்கை இயக்கும் மென்பொருளுக்குச் சராசரி வேகம் பொருட்டல்ல, கெடுவுக்குள் முடியவேண்டும். ஒற்றைச் செயலியில் இதற்கான அடித்தளத்தை லியூவும் லேலண்டும் 1973இலேயே இட்டுவிட்டார்கள்: கெடு நெருங்கியதை முதலில் ஓட்டினால் செயலியின் முழுத் திறனையும் பயன்படுத்தலாம். பல செயலிகளில் அது உடைந்தது. 1978இல் தாலும் லியூவும் காட்டிய எடுத்துக்காட்டு நினைவில் நிற்பது: எல்லாச் செயலிகளிலும் மிகச் சிறு பணிகள் முதலில் இடம்பிடிக்க, கெடு சற்றே தள்ளி இருக்கும் ஒரே பெரிய பணி தாமதமாகத் தொடங்கித் தோற்கிறது. செயலிகள் எத்தனை இருந்தாலும், மொத்தத் தேவை ஒரே செயலியின் திறனைச் சற்று மீறினாலே இத்தோல்வி நேரலாம்.

அதனால் இத்துறை நீண்டகாலம் பணிகளைச் செயலிகளுக்கு நிரந்தரமாகப் பிரித்துவிடும் முறையை நம்பியது. அதற்கும் விலை உண்டு: ஒவ்வொன்றும் பாதிச் செயலிக்குச் சற்று மேல் கேட்கும் பணிகள், செயலிகளைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் பிரிக்கவே முடியாது. 1996இல் சஞ்சய் பருவாவும் உடனாய்வாளர்களும் முன்வைத்த பிஃபேர் முறை, ஒவ்வொரு பணியையும் அதன் பங்குக்கேற்பச் சிறு துண்டுகளாக முன்னேற்றி, முழுத் திறனையும் எட்டலாம் என்று நிறுவியது. கோட்பாட்டளவில் கேள்வி அங்கே முடிந்ததுபோல் தோன்றியது. ஆனால் துண்டுக்குத் துண்டு பணி இடம் மாறும் செலவை அக்கணக்கும் தாங்கவில்லை.

இதற்குப் பின் வந்த முடிவுகள் நடுவழியை நோக்கியவை. கெடு தவறினாலும் எவ்வளவு தவறும் என்பதற்கு எல்லை உண்டு என்று உமாமகேஸ்வரி தேவியும் ஜேம்ஸ் ஆண்டர்சனும் 2005இல் காட்டினார்கள். காணொளி போன்ற பயன்பாட்டுக்கு அது போதும். பிஜோர்ன் பிராண்டன்பர்கும் மஹிர்ஜான் கூலும் 2016இல், பெரும்பாலான பணிகளை நிலையாக வைத்து மிகச் சிலவற்றை மட்டும் பகுத்தாலே முழுத் திறனை நெருங்கலாம் என்றார்கள். இப்பகுதியில் இன்று கையில் உள்ளவற்றுள் மிகவும் நம்பத்தக்க விடை அதுவே என்று மதிப்பிடலாம். ஆனால் ஒரு பணி அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது முன்கூட்டித் தெரியும் என்ற அனுமானத்தில்தான் எல்லாமே நிற்கின்றன. பக்கத்துக் கோர் நினைவகப் பாதையை நிறைத்தால் அந்த நேரமே நீள்கிறது. விமான மென்பொருள் சான்றளிப்போர் பல கோர் செயலிகளை இன்றும் எச்சரிக்கையோடு அணுகுவது இதனால்தான்.

கோர்கள் சமமில்லாதபோது

மேலே கண்ட வாதங்களில் பெரும்பாலானவை எல்லாச் செயலிகளும் ஒன்றே என்று கொண்டவை. 2011இல் ஆர்ம் அறிவித்த பெரிய-சிறிய கோர் அமைப்பு கைப்பேசிகளில் அதை மாற்றியது. 2020இல் ஆப்பிள் எம்1, 2021இல் இன்டெல் ஆல்டர் லேக் வழியாக அது மடிக்கணினிக்கும் மேசைக்கணினிக்கும் வந்தது. மின்செலவைக் கணக்கிட்டு இடம் தேரும் முறை 2019இல் லினக்ஸ் 5.0 உடன் சேர்ந்தது. பணியைக் காலியான கோருக்கு அனுப்புவதே நல்லது என்ற பழைய விதி இங்கே ஆட்டம் காண்கிறது.

ஜூலியா லாவால் முதலியோர் 2022இல் வழங்கிய நெஸ்ட் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. நவீன செயலியில் அண்மையில் ஓடிய கோர் உயர்ந்த கடிகார வேகத்தில் இருக்கும். நீண்டநேரம் ஓய்ந்த கோர் மெதுவாகவே விழிக்கும். ஆகவே பணிகளைப் பரப்பாமல் சில 'சூடான' கோர்களிலேயே நெருக்கி வைத்தால் சில வகை வேலைகள் விரைவாகவும் குறைந்த மின்சாரத்திலும் முடிகின்றன. சும்மா இருக்கும் கோர் என்றாலே வீண் என்ற அளவுகோலை, 2016 ஆய்வின் மையத்தில் இருந்த அதே அளவுகோலை, இம்முடிவு பொதுவிதி என்ற இடத்திலிருந்து இறக்குகிறது. பாதுகாப்பும் அதே திசையில் இழுத்தது. செயலி வழியே தரவு கசியும் பாதுகாப்புக் குறைகள் 2018இல் வெளிவந்தபின், ஒரே கோரின் இரட்டைத் திரெட்களில் ஒன்றையொன்று நம்பாத நிரல்களைச் சேர்த்து ஓட்டாமல் இருக்கும் வசதி 2021இல் லினக்ஸ் 5.14 உடன் வந்தது. ஒரு திரெட்டை வேண்டுமென்றே காலியாக விடுவது இப்போது சரியான முடிவாக இருக்கலாம். ஒன்றோடொன்று பேசும் பணிகளை ஒரே நேரத்தில் ஓட்டவேண்டும் என்று ஜான் அவுஸ்டர்ஹவுட் 1982இல் வாதிட்டபோதும் இதே விலையைத்தான் கேட்டார்: அவர் முறையில் கூட்டாளிகள் சேரும்வரை செயலி காத்திருக்க நேரலாம்.

யார் முடிவெடுப்பது?

கெர்னலுக்குத் தெரியாதவை பல. ஒரு திரெட் பூட்டை வைத்திருக்கிறதா, இன்னும் எவ்வளவு நேரம் ஓடும், அதற்காக யார் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் நிரலுக்கே தெரியும். இந்த இடைவெளியைத் தாமஸ் ஆண்டர்சன், பிரையன் பெர்ஷாட், லசோவ்ஸ்கா, ஹென்றி லெவி ஆகியோர் 1991இல் கூர்மையாக எடுத்துரைத்தார்கள்: கெர்னல் செயலிகளை மட்டும் ஒதுக்கட்டும், அவற்றில் எதை ஓட்டுவது என்பதை நிரலே முடிவுசெய்யட்டும். நெட்பிஎஸ்டி முதலிய இயங்குதளங்கள் இம்முறையை முயன்றபின் கைவிட்டன. சிக்கலான இடைமுகமாக அது மாறியது ஒரு காரணம்.

அந்த எண்ணம் மறையவில்லை. தரவு மையங்களில் ஒரு கோரிக்கைக்குச் சில மைக்ரோநொடிகளில் விடைதரவேண்டிய நிலை வந்தபோது, மில்லிநொடிக் கணக்கில் இயங்கும் கெர்னல் போதவில்லை. 2019இல் எம்ஐடி குழு வெளியிட்ட ஷெனாங்கோ, ஒரு கோரை முழுநேரக் கண்காணிப்புக்கு ஒதுக்கி, ஐந்து மைக்ரோநொடிக்கு ஒருமுறை கோர்களை நிரல்களிடையே மாற்றியது. வேலைகளின் நீளம் எப்படிப் பரவியிருக்கிறது என்று தெரியாமல், மிகத் தாமதமான விடைகளை எல்லாச் சூழலிலும் சிறப்பாகக் குறைக்கும் ஒரே விதி இருக்கமுடியாது என்று ஆடம் வியர்மனும் பெர்ட் ஸ்வார்ட்டும் 2012இல் நிறுவியிருந்ததும் இங்கே பொருந்துகிறது. ஒரே ஷெட்யூலர் எல்லோருக்கும் என்ற நம்பிக்கைக்கு எதிரான வாதங்களில் இதுவே வலிமையானது.

2021இல் கூகுள் வெளியிட்ட கோஸ்ட், முடிவெடுக்கும் பகுதியைக் கெர்னலுக்கு வெளியே வைத்தது. 2024 நவம்பரில் லினக்ஸ் 6.12 உடன் வந்த ஷெட்-எக்ஸ்ட், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்குள் யாரும் தம் சொந்த ஷெட்யூலரை ஏற்ற வழி தந்தது. அப்படி ஏற்றிய ஷெட்யூலர் ஒரு பணியை முப்பது நொடிக்கு மேல் ஓடவிடாமல் விட்டால் கெர்னல் அதை இறக்கிவிட்டுத் தன் பழைய ஷெட்யூலருக்குத் திரும்புகிறது. சேர்க்கும் முன் எதிர்ப்பும் இருந்தது: ஆளுக்கொன்று எழுதத் தொடங்கினால் பொது ஷெட்யூலரை மேம்படுத்தும் உழைப்பு சிதறும் என்பது அதன் சாரம். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் புதிய முறையைச் சோதிக்கக் கெர்னலையே மாற்றவேண்டியிருந்த பழைய நிலையில், ஆய்வகத்தில் நிறுவப்பட்டவற்றுள் பல இயந்திரத்தை வந்தடையவே இல்லை. அந்த இழப்பு அதைவிடப் பெரிது.

இன்று எஞ்சியவை

சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பல பத்துக் கோர்களைத் தாண்டினால் கலப்பற்ற பொது வரிசை நிலைக்காது. கலப்பற்ற தனி வரிசையும் போதாது. ஒரே கேஷைப் பகிரும் கோர்களுக்கு ஒரு வரிசை, அத்தகைய கூட்டங்களுக்கிடையே அரிதான பரிமாற்றம் என்ற இடைநிலை வடிவத்தை நோக்கிப் பல புதிய வடிவமைப்புகள் நகர்கின்றன. அது நிலையான தங்குமிடமா, இன்றைய சிப் அமைப்பின் நிழலா என்பதை இப்போது சொல்லமுடியாது.

மூன்று கேள்விகள் உண்மையிலேயே திறந்திருக்கின்றன. இடம் மாறும் செலவையும் கோர்களின் மாறும் வேகத்தையும் உள்ளடக்கி, கிரஹாமின் எல்லையைப்போல் பயனுள்ள உத்தரவாதம் தரும் கோட்பாடு இன்னும் உருவாகவில்லை. ஷெட்யூலரின் சரித்தன்மையை நிரூபிக்கும் முயற்சிகள், 2020இல் வந்த இபனெமா போன்றவை, வேலை காக்கும் தன்மையை நிறுவுமளவுக்கு வந்துள்ளன. ஆனால் நிறுவவேண்டிய பண்பு அதுதானா என்பதையே நெஸ்ட் போன்றவை கேள்விக்குள்ளாக்கிவிட்டன. மூன்றாவது, நிரல் தன்னைப்பற்றிக் கெர்னலுக்கு எதைச் சொல்லவேண்டும் என்பது. எல்லா நிரலும் தன்னையே அவசரமானது என்று சொல்லிக்கொள்ளும் சூழலில் அச்சொல்லை எப்படி நம்புவது என்பதற்கு நிரல் தன் பணியின் அவசரத்தை அறிவிக்க ஆப்பிள் தரும் தர வகுப்புகள் ஒரு மூடிய சூழலில் விடை காட்டுகின்றன. யாரும் எதையும் ஓட்டக்கூடிய பொது இயந்திரத்துக்கு அது பொருந்துமா என்பது இன்னும் சோதிக்கப்படவேண்டியதே.